மலரக்காவின் மூச்சு நின்ற இடங்கள்

செய்தி வந்தபோது கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள் நாங்கள் நான்கு பேர்: பூமாலை கட்டிக்கொண்டிருந்த பரமேஸ்வரி, பாய் விரித்துக்கொண்டிருந்த என் கணவர், வாசற்படியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த முகாமையாளர் கனகசபை ஐயா, புளி போட்டுக் குத்துவிளக்குத் துலக்கிக்கொண்டிருந்த நான். வெள்ளிக்கிழமை பின்னேரம், புராணப் படிப்பு நடக்கிற நேரம். மலரக்கா படுக்கையில் விழுந்த பிறகு படிப்பு நின்றுபோயிருந்தது. ஆனாலும் வெள்ளி தவறாமல் பாய் விரிப்போம், விளக்கேற்றுவோம், புத்தகத்தைத் திறக்காமலே கும்பிட்டு எழும்புவோம். அக்கா வந்தால் விட்ட பாட்டிலிருந்து தொடங்குவார் என்று ஒருவரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அதற்காகத்தான் வந்தோம்.

ஓட்டோக்காரச் சிவராசா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தூணடியில் நின்றான். அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியவன் அவன்தான். "அக்கா மோசம் போட்டா. மூச்சு நிண்டிட்டுது" என்றான். கனகசபை ஐயா எழும்பிப் போய்க் கோயில் நடையைச் சாத்தச் சொன்னார். நான் துலக்கி முடித்த விளக்கைத் திரும்பவும் துலக்கத் தொடங்கினேன். என் கணவர் வந்து கையைப் பிடித்து நிறுத்தினார்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அச்சிடுகிற இந்த அந்தியேட்டி மலரில் அக்காவைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று அவருடைய மகள் வாணி சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதுவும் சிவராசா மூலமாகத்தான். "மாமியை எழுதச் சொல்லுங்கோ. ஒண்டையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கோ" என்றாளாம். அவள் என்னோடு நேரே கதைத்து மாதக்கணக்காகிறது. அக்காவுக்கு அவருடைய நோயின் பெயரைச் சொன்னவள் நான். சொல்ல வேண்டாம் என்று தலையாட்டியவள் அவள். செத்தவீட்டிலும் தாயின் தலைமாட்டில் இருந்தாள். நான் கட்டிப்பிடித்து அழப் போனபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அக்காவை அறிந்த நீங்கள் இதையும் அறிந்துகொண்டு மேலே வாசிக்க வேண்டும். நான் வீட்டுக் கணக்கு எழுதிப் பழகியவள். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதத் தெரியும்.

அக்கா தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் வாணி சிறுபிள்ளையாய் இருக்கும்போதே தவறிவிட்டார். கொக்குவிலில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு அவருடையது. எங்கள் பிள்ளையார் கோயிலில் புராணம் படிக்கத் தொடங்கிய முதற் பெண் அவர்தான். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பதும், பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பயன் சொல்வதும், அதாவது பொருளை எல்லோருக்கும் விளங்கும்படி விரித்துச் சொல்வதும் நம்முடைய வழக்கம். அக்காவுக்குப் பயன் சொல்லிக்கொண்டிருந்த வாத்தியார் பிள்ளைகளிடம் கனடாவுக்குப் போனபோது வேறு ஆள் கிடைக்கவில்லை. நான் கடைசி வரிசையில் தூணில் சாய்ந்திருந்து எனக்குள்ளேயே பயன் சொல்லிக்கொள்வேன். இடப்பெயர்வில் பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். உரைப்புத்தகங்களை அடுப்படியில் வைத்து வாசித்து வாசித்துப் பிடித்த தமிழ்தான் என்னுடையது. ஒரு நாள் அக்கா படிப்பை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்தார்.

"கமலம், உதிலையிருந்து முணுமுணுக்கிறதை முன்னுக்கு வந்து சொல்லன். தூணுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும்."

சனம் சிரித்தது. நான் எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அன்று படிப்பு முடிந்து திரும்பும்போது ஒரு சட்டம் சொன்னார். "பயன் சொல்லுறவள் பாட்டிலை இல்லாததைச் சேர்க்கவும் கூடாது, இருக்கிறதை விழுங்கவும் கூடாது. அரக்கன் சாகிற பாட்டெண்டா அரக்கன் செத்தான் எண்டு சொல்லு. பாவம் பாத்து அவனைக் காயத்தோடை அனுப்பாதை." அதற்குப் பிறகு எத்தனையோ மழையும் வெயிலும் அந்த மண்டபத்தில் அவருக்குப் பக்கத்தில் கழிந்தன.

சில வருடங்களுக்கு முன்னர் அவருடைய இடது குதிக்காலில் ஒரு கறுப்பு அடையாளம் வந்தது. திருவிழாக் காலத்தில் வெறுங்காலோடு வீதி சுற்றியவர், தார் ஒட்டிவிட்டது என்று நினைத்துப் பீர்க்கம் தும்பால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. பிறகு அது வெடித்துக் கசிந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். கால் ஆணி என்று அக்கா எங்களுக்குச் சொன்னார். அதைப் பெரிய பகிடியாக்கி எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்: "ஒரு ஆணி பிடுங்க மூண்டு டொக்டர்மார். என்ரை காலை என்ன தேர்க்கால் எண்டே நினைச்சவை?" புண் ஆறும்வரை பிள்ளையார் பக்கம் கால் நீட்டி இருக்க நேர்ந்ததற்காக ஒவ்வொரு வெள்ளியும் படிப்புக்கு முன்னர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

போன வருடப் படிப்பின்போது அவருடைய குரலில் ஒரு மாற்றம் தெரிந்தது. நீண்ட அடியை ஒரே மூச்சில் ஏற்றி இறக்குபவர், நடுவில் நிற்கத் தொடங்கினார். சொல் பாதியில் நிற்கும். கண்கள் மூடும். பிறகு மிச்சச் சொல் மெதுவாக வரும். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கனகசபை ஐயா எழும்பி, "இவ்வளவு காலமும் மலர் வடிவாய்ப் படிச்சவ. இந்த வருஷம்தான் உருகிப் படிக்கிறா" என்று சொன்னார். பக்கத்துக் கோயில்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நானும் அந்த நிறுத்தங்களுக்கு ஏற்றபடி பயனை நீட்டியும் சுருக்கியும் பழகிக்கொண்டேன். பக்தி கனிந்து குரல் தழுதழுத்து நிற்பதை நாம் எவ்வளவோ பேரிடம் கேட்டிருக்கிறோம். இதுவும் அதுவென்றே முழு மண்டபமும் நம்பியது. அக்கா மட்டும் ஒரு நாள் வழியில் நின்று மதிலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஐயா உருகுது எண்டுறார். எனக்கு உருகேல்லை கமலம், மூச்சு முட்டுது."

முதலில் காட்டிய இடத்தில் ஆஸ்துமா முட்டு என்று சொல்லி, மூச்சோடு இழுக்கிற பம் கொடுத்தார்கள். குறையவில்லை. மல்லாந்து படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி நித்திரை கொண்டார். கால்கள் வீங்கின. ஒரு காலை கிணற்றடியில் மயங்கி விழுந்தார். சிவராசாவின் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு மாரடைப்புப் போல இருக்கிறது என்று அனுமதித்தார்கள். பிறகு இரத்த நாளத்துக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது ஓர் அடைப்பும் இல்லை. அடைப்பில்லை என்றதும் வாணியும் நானும் நல்லூர்ப் பக்கம் திரும்பிக் கும்பிட்டோம். அந்தச் சந்தோசம் எக்கோ என்ற இதய ஸ்கான் எடுக்கும்வரைதான் இருந்தது.

இதய மருத்துவர் வயது குறைந்தவர். அவசரப்படாமல் விளங்கப்படுத்துவார். இதயத்தைச் சுற்றியிருக்கிற பைக்குள் நீர் நிறைந்து இதயத்தை விரியவிடாமல் நெரிக்கிறது என்றார். அதோடு வலப்பக்க அறைக்குள் சதைபோல ஒன்று வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அது அசைவது எக்கோவில் தெரிகிறது என்றார். அக்கா அந்த நிலையிலும் பகிடி விட்டார். "நான் நினைச்சன் நெஞ்சுக்குள்ளை பிள்ளையார் மட்டும்தான் இருக்கிறார் எண்டு."

மருத்துவர் சிரித்தார். பிறகு கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "அம்மா, இப்பிடியானது அநேகமாய் நெஞ்சிலை தொடங்கிறதில்லை. உடம்பிலை வேறை ஒரு இடத்திலை இருந்து இரத்தத்தோடை வந்து குந்தும். முன்னம் எப்பவாவது புற்றுநோய் எண்டு ஏதும் வைத்தியம் செய்தனீங்களோ?"

"இல்லைத் தம்பி" என்றார் அக்கா. "சீனியும் இல்லை, பிரசரும் இல்லை. அம்மாளாச்சி காப்பாத்தினவ."

அந்த "இல்லை"யில் ஒரு தயக்கமும் இருக்கவில்லை. கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்ற வாணி நிலத்தைப் பார்த்தாள். மருத்துவர் வெளியே போனதும் பின்னால் ஓடினாள். நானும் போனேன். தாழ்வாரத்தில் அவரை மறித்து எல்லாவற்றையும் சொன்னாள். காலில் வெட்டியது மெலனோமா என்ற தோற் புற்றுநோய். அப்போது வாணி கலியாணமாகாத பிள்ளை. சத்திரசிகிச்சை செய்தவர் அவளிடமும் தாய்மாமனிடமும்தான் சொல்லியிருக்கிறார். தாய் உடைந்துபோவார், சொல்லாதே என்று மாமன் சொன்னார். ஆணி என்ற சொல்லையும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார். வீட்டில் அந்த நோயின் பெயரை உச்சரித்தால் அதைக் கூப்பிட்டு இருத்துவதுபோல என்று பயப்படுகிற ஊர்தானே இது. பக்கத்து வீட்டுக்காரரின் நோயைக்கூட "உந்த வருத்தம்" என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். மாமன் அடுத்த வருடமே காலமாகிவிட்டார். அந்தச் சொல் வாணியிடம் தனியே தங்கிவிட்டது.

மருத்துவர் அவளைக் கோபிக்கவில்லை. "இப்ப சொன்னது பெரிய உதவி" என்றார். ஊசி விட்டு இதயத்தைச் சுற்றியிருந்த நீரை எடுத்தார்கள். அது சிவப்பாக இருந்தது. பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நெரிசல் குறைந்ததும் அக்கா எழும்பி இருந்து பாணும் சம்பலும் கேட்டார். வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் மாமி என்று வாணி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

றிப்போட் வந்ததற்கு மறுநாள் பின்னேரம் நான் இடியப்பம் கொண்டுபோனேன். அக்கா சாய்மனைக் கதிரையில் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தார். மடியில் றிப்போட் இருந்த உறை. வாணி அதை அலுமாரிக்கு மேல் வைத்திருந்தாளாம். அவள் கிணற்றடிக்குப் போன நேரம் அக்கா தடியால் தட்டி விழுத்தி எடுத்திருக்கிறார். காலம் முழுக்கத் தபால் கந்தோரில் ஆங்கில விலாசம் வாசித்தவருக்கு எழுத்துகள் பிரச்சினை இல்லை. பொருள்தான் வேண்டியிருந்தது.

"இரு கமலம்" என்றார். "நான் படிக்கிறன். நீ பயன் சொல்லு."

பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் இராகம் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். பெயர், வயது. நிறுத்தி என்னைப் பார்த்தார். "செல்வமலர் எண்ட அடியாள்" என்றேன். தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். அடுத்த அடி. "நெஞ்சைச் சுத்தி நிண்ட நீரிலை இரத்தம் கலந்திருக்கு" என்றேன். அடுத்த அடியில் ஒரு நீளச் சொல். சீர் பிரிப்பதுபோலப் பிரித்தார். மெற்றா. ஸ்ரற்றிக். அதன் பிறகு மெலனோமா. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் குசினி வாசலில் வாணி நின்றாள். அவள் கையில் கஞ்சி வடித்த துணி. இரண்டு பக்கமும் தலையை ஆட்டினாள். திரும்பத் திரும்ப ஆட்டினாள்.

"பயன் சொல்லு" என்றார் அக்கா.

"புற்றுநோய் அக்கா. தோலிலை தொடங்கினது. அங்கையிருந்து வந்து இப்ப நெஞ்சிலை இருக்கு."

"எங்கத்தைத் தோல்?"

நான் வாயால் சொல்லவில்லை. என் கண் அவருடைய குதிக்காலுக்குப் போனது. அவரும் குனிந்து அதைப் பார்த்தார். நெடுநேரம், யாரோ மற்ற ஆளுடைய காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அப்ப அது ஆணி இல்லை" என்றார். பிறகு, "அந்த டொக்டர்த் தம்பி கேட்டவர். நான் இல்லையெண்டு சொன்னனான். என்னை என்னெண்டு நினைச்சிருப்பார்?" என்றார். வாணி வந்து அவருடைய காலடியில் இருந்து அழுதாள். நீங்கள் உடைஞ்சு போவீங்கள் எண்டு மாமா சொன்னவர் அம்மா, என்றாள். அக்கா அவளுடைய தலையில் கையை வைத்தார்.

"உடைஞ்சு போயிருப்பன்தான். பேந்து ஒட்டியிருப்பன். என்ரை உடம்பின்ரை கதையை எல்லாரும் கேட்டு முடிச்சிட்டியள். சொந்தக்காரி நான் கடைசி ஆள்."

அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். கோபித்திருந்தால் வாணிக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அறுவைக்கு இடமில்லை, மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று மருத்துவர் சொன்னார். அந்த வெள்ளி அக்கா படிப்புக்கு வந்தார். காப்புப் பாட்டுக்கு முன்னர் புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சனத்தைப் பார்த்தார். "எனக்கு நெஞ்சிலை புற்றுநோய். இடையிலை மூச்சு நிண்டா உருக்கம் எண்டு நினையாதேங்கோ. கொஞ்சம் பொறுங்கோ, வந்திடுவன்." பரமேஸ்வரி "சிவ சிவா" என்று காதைப் பொத்தினாள். மங்களமாய்த் தொடங்குகிற இடத்தில் உந்தப் பேரைச் சொல்லலாமா என்று கனகசபை ஐயா முறைப்பட்டார். "பிள்ளையாருக்குத் தெரியாத வருத்தமே ஐயா?" என்று கேட்டுவிட்டு அக்கா பாட்டை எடுத்தார். மூச்சு நின்ற இடங்களில் எல்லாம் மண்டபம் முழுவதும் சேர்ந்து காத்திருந்தது. யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. நான் அவரோடு இருந்த படிப்புகளில் அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அதுவே கடைசியும்.

அடுத்த கிழமை திரும்பவும் நீர் கோத்தது. வார்ட்டுக்கு வெளியே, சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் வாணி என்னிடம் சொன்னாள்: "நீங்கள் சொன்னாப் பிறகுதான் அம்மா படுத்தவா, மாமி. சொல்லாமல் விட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் நடமாடியிருப்பா." அதுதான் அவள் என்னோடு கடைசியாகக் கதைத்தது.

நான் மருத்துவரிடம் போய் நேரே கேட்டேன். "ஒரு சொல்லாலை கட்டி வளராது அம்மா" என்றார். நம்புகிறேன். ஆனாலும் உழுந்து அரைக்கும்போதும், உடுப்புக் காயப்போடும்போதும் வாணியின் குரல் பக்கத்தில் வந்து நிற்கிறது. சில வேளை தலையாட்டும் அவளுடைய முகம் மட்டும் வரும். சில வேளை அக்காவின் "இல்லைத் தம்பி" வரும். இவற்றில் எது என்னை அதிகம் உலுப்புகிறது என்று எனக்கே தெரியாது. கோயிலுக்குப் பின்னால் ரெயில் போகும்போது அக்கா படிப்பை நிறுத்தி, விட்ட சொல்லில் விரலை வைத்துக்கொண்டிருப்பார். இப்போது ரெயில் போய் முடிந்த பிறகும் யாரோ விரலை எடுக்காமல் இருப்பதுபோல ஒரு அமைதி நீள்கிறது. கும்பிட நின்றால் எனக்குப் பக்கத்தில் ஒருவர் மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த அடிக்கு ஆயத்தமாவது கேட்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பயந்தவள் என்றில்லை. திரும்பினால் அந்த மூச்சு நின்றுவிடும்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. ஒருவர் கேட்டால் இருப்பதைச் சொல்வது. சொன்ன பிறகு எழும்பி ஓடாமல் அவருக்குப் பக்கத்திலேயே இருப்பது. முதற்பாதியைச் செய்துவிட்டேன். மறுபாதியை அக்காவோடு செய்தேன். வாணியோடு செய்யவில்லை, அவள் விடவில்லை.

வாணி, நீ இதை அச்சுக்குக் கொடுக்க முன்னர் வாசிப்பாய் என்று தெரியும். நின்ற பாட்டிலிருந்து நீயே படிக்கப் போகிறாய் என்று கனகசபை ஐயா சொன்னார். கேட்டு அழுதேன். பயன் சொல்ல வேறு ஆளைப் பார்க்கட்டும் என்று நீ நினைத்தால் அதையும் சொல்லு. நான் கடைசி வரிசையில் இருந்து கேட்பேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அடுத்த வெள்ளி நான் உனக்குப் பக்கத்தில் வந்து இருக்கலாமா, கூடாதா? ஆளனுப்பாமல் நீயே வந்து சொல்லு. வியாழனுக்கு முன்னம் சொல்லு.